ஜெல் நகப்பூச்சும் அதனைத் தீங்கின்றிக் களையும் முறையும்

மக்களது உடலுறுப்புக்களுள் நகம் மிகச் சிறியது. எனினும் அதனைப் பற்றி நம் நாட்டில் வழங்கும் பழமொழிகள் சிறப்புடையன. பிரியா நட்பினரை நகமும் சதையும் போன்றவர் என்கிறோம். எளிதின் முடியும் செயலைப் பெரும் முயற்சியாக்குவாரைக் கண்டால், நகத்தால் கிள்ளுவதற்குக் கோடரி எதற்கு என்று வினவுகிறோம். இவ்விரண்டு வழக்குகளும் ஈண்டு யாம் எழுதப் புகுந்த பொருளுக்கு மிகவும் இயைந்தனவாம். விரல்களில் பூசிய ஜெல் பூச்சினைக் களையுங்கால், பிரியாதிருத்தற்குரிய நகத்தையும் சதையையும் பிரித்துவிடுவாரும், பொறுமையால் முடிவதற்குக் கத்தியையும் அரத்தையும் நாடுவாரும் இந்நாளில் பெருகி வருகின்றனர்.

இஃது ஒரு கல்லூரி மலரில் ஆராயத்தக்க பொருளோ என ஐயுறுவார் சிலர் இருத்தல் கூடும். ஆயின், ஒருவருடைய விரல்நுனியில் வேதியியலும், உடல்நூலும், இல்லறச் சிக்கனமும் ஒருங்கே வந்து கூடுமாயின், அதனைக் கற்றல் மாணவர்க்கு இழுக்காகாது. திருமணத்திற்கென அழகு நிலையத்தில் பூசிக்கொண்ட நகப்பூச்சினை, விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய மாணவியர் தாமே பெயர்த்தெடுக்க முயன்று, நகம் மெலிந்து, வெந்நீர் பட்டாலும் எரிச்சலுற்று வருந்துவது நாம் அறிந்ததே. பூசுவதற்குத் தேர்ந்த கையை நாடும் நாம், களைவதற்கு மட்டும் பல்லையும் பேனாக்கத்தியையும் நாடுவது முறையன்று. ஆதலின் இப்பொருளைக் காரண காரியத்தோடு விளக்குவாம்.

சாகுபுரமும் நகப்பூச்சும்

தூத்துக்குடியினின்றும் திருச்செந்தூர் நோக்கிச் செல்லும் நெறியில், ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் அணித்தாய் அமைந்தது சாகுபுரம். கடலும் உப்பளமும் பனையும் சூழ்ந்த அவ்விடத்தில், 1950-களின் இறுதியில் டி. சி. டபிள்யூ. எனும் இரசாயனத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி எரிசோடாவும் குளோரினும் ஆக்குதல் அதன் தொழில்களுள் ஒன்று. இல்மனைட் என்னும் கருமணலினின்றும் இரும்பினை அமிலத்தால் பிரித்து, டைட்டானியம் மிகுந்த செயற்கை ரூட்டைல் ஆக்குதல் மற்றொன்று.

இதற்கும் நகப்பூச்சுக்கும் இயைபு யாதெனில், கூறுவாம். செயற்கை ரூட்டைல் என்பது டைட்டானியம் டையாக்சைடு என்னும் வெண்ணிறப் பொடியை ஆக்குவோர்க்கு மூலப்பொருள். வெண்மையிலும் மறைக்கும் ஆற்றலிலும் அதனை ஒப்பது அரிது. நாம் சுவருக்குப் பூசும் வண்ணத்திலும், பல் துலக்கும் பசையிலும், நகத்திற்கு இடும் பூச்சிலும் அதுவே வெண்மை தருகின்றது. முத்துப்போல் மின்னும் நகப்பூச்சு ஒன்று உண்டன்றோ? அதில் முத்தில்லை, அப்பிரகத்தின் நுண்ணிய தகடுகளின்மேல் அதே டைட்டானியம் டையாக்சைடு மென்படலமாகப் போர்த்தப்பட்டிருக்கும். ஒளியானது அடுக்கடுக்கான மெல்லிய படலங்களில் பட்டு மீளுங்கால் தோன்றும் மினுக்கமே அது. கொற்கைக் கடலில் விளைந்த உண்மை முத்தின் ஒளிக்கும் ஏறத்தாழ இதுவே காரணம். ஆண்டுச் சிப்பி தன்னுடலால் அடுக்கிய சுண்ணாம்புப் படலங்களே ஒளியைச் சிதற்றுகின்றன. இதற்கு முந்திய காலத்தில், மீன் செதிளினின்றும் எடுத்த குவானின் என்னும் பொருளைக் கொண்டு இம்மினுக்கத்தை உண்டாக்கினர்.

சாகுபுரத்தில் நகப்பூச்சு ஆக்கப்படுகிறது என்று யாம் கூறவில்லை. உலகத்தார் விரல்நுனியில் மின்னும் ஒரு பொருளின் வேதியியல், நம் கடற்கரை மணலோடும் நம் முன்னோர் குளித்தெடுத்த முத்தோடும் தொடர்புடையது என்பதே எம் கருத்து.

நகத்தின் இயல்பு

நகம் என்பது கேரட்டின் எனும் புரதத்தால் ஆயது. நம் தலைமயிரும், ஆவின் கொம்பும், கிளியின் அலகும் அவ்வினத்தனவே. நகத்தின் அடியில், தோலுக்குள் மறைந்து கிடக்கும் வேர்ப்பகுதியே அதனை ஆக்கும் உலைக்களம். பெருவிரலின் அடியில் வெண்பிறைபோல் தோன்றுவது அவ்வுலையின் வெளிமுகம். அங்கே பிறக்கும் உயிரணுக்கள் தட்டையாகி, இறுகி, உயிர்நீத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்று முன்னோக்கித் தள்ளப்படுகின்றன. அவ்வடுக்கின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. கைந்நகம் மாதத்திற்கு 3 மில்லிமீட்டர் அளவே வளரும். அடிமுதல் நுனிவரை முற்றும் புதிதாக 6 மாதம் ஆகும். கால் நகத்திற்கு ஓர் ஆண்டும் அதற்கு மேலும் வேண்டும்.

இதனால் பெறப்படுவது ஒன்று உண்டு. அதுவே இக்கட்டுரையின் உயிர்நாடி. தோலில் உண்டான புண் ஆறும். ஏனெனில் தோல் உயிருள்ளது. நகத்தின் மேற்றகடோ உயிரற்றது. அதனிடத்து உண்டான குறை ஆறுவதில்லை. வளர்ந்து, நுனியை அடைந்து, வெட்டி எறியப்பட்டாலன்றி அது நீங்காது. ஒரு நொடியில் பூச்சோடு சேர்த்து உரித்தெடுத்த நகப்படலத்திற்கு ஈடு செய்ய இயற்கைக்கு அரையாண்டு ஆகின்றது. எண்ணெயும் களிம்பும் நகத்தின் வறட்சியைத் தணிக்குமேயன்றி, இழந்த அடுக்கை மீட்டுத் தாரா.

பூச்சின் வகைகள்

நம் நாட்டு மகளிர்க்கு நகத்திற்குச் செம்மையூட்டுதல் புதிதன்று. மருதோன்றி இலையை அரைத்து இடுதல் தொன்றுதொட்ட வழக்கம். காயல்பட்டினம் போன்ற ஊர்களில் மருதோன்றி இன்றித் திருமணம் இல்லை எனலாம். மருதோன்றியிலுள்ள லாசோன் எனும் சாயம் நகத்தின் கேரட்டினோடு கலந்துவிடுகின்றது. மேலே படலமாக நிற்பதில்லை. ஆதலின் அதனைக் களையவும் இயலாது. களைய வேண்டுவதும் இல்லை. நகம் வளர வளரத் தானே நீங்கும். தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவில் நீர் நகத்தைத் தொடவேண்டும் என்னும் விதியுடைய இஸ்லாமிய மகளிர்க்கு, நீரைத் தடுக்காத மருதோன்றி ஏற்றதாயிற்று. நீரைத் தடுக்கும் பூச்சு தடையாயிற்று. அவர்கட்குப் பூச்சினை ஒழுங்காகக் களையும் முறை அழகைப் பற்றியதன்று, நாள்தோறும் செய்யும் கடமையைப் பற்றியது.

சாதாரண நகப்பூச்சு என்பது மோட்டார் வண்டிகளுக்குப் பூசிய நைட்ரோ செல்லுலோஸ் வார்னிஷின் உறவினம். கரைப்பானில் கரைந்திருக்கும் பிசின், கரைப்பான் ஆவியாய்ப் பறந்தபின் படலமாக உலர்கின்றது. அவ்வளவே. மீண்டும் கரைப்பானைத் தொட்டால் மீண்டும் கரைந்துவிடும்.

ஜெல் பூச்சு அவ்வாறன்று. அது பூசுங்கால் அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் எனும் சிறு மூலக்கூறுகளாலாய குழம்பு. புறஊதா விளக்கின் ஒளி பட்டவுடன், அதனுள் இருக்கும் தூண்டுபொருள் விழித்தெழுந்து, அச்சிறு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து, நெடுக்கும் குறுக்குமாகப் பின்னி, வலைபோல் ஆக்கிவிடுகின்றது. 2010-ஆம் ஆண்டில் ஷெல்லாக் என்னும் வணிகப் பெயருடைய ஜெல் பூச்சு அமெரிக்காவில் வெளிவந்தபின், இவ்வகை உலகெங்கும் பரவிற்று. இதனினும் கடினமான கட்டி ஜெல் என ஒன்றுண்டு. நகத்தை நீட்டிக் கட்டுதற்கு அது பயன்படுவது. மற்றொன்று அக்ரிலிக் நகம். இது பொடியும் திரவமும் குழைத்துக் கட்டுவது. பல் மருத்துவர் பல் கட்டுவதற்கு வைத்திருந்த பொருளே அதற்கு மூலம் ஆயிற்று.

நம் ஊர்க் காட்சி ஒன்றைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்குவாம். உப்பளப் பாத்தியில் நீர் வற்றி உப்புப் படிகின்றது. நீர் விட்டால் அவ்வுப்பு மீண்டும் கரைந்துபோம். சாதாரணப் பூச்சு இத்தகையது. பச்சைச் செங்கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டபின், எத்துணை நீர் விடினும் அது பழைய களிமண் ஆவதில்லை. ஜெல் பூச்சு இத்தகையது. விளக்கொளியே அதற்குச் சூளை.

அசிட்டோன் செய்யும் வேலை

கரையாததை எங்ஙனம் களைவது? கரைக்க வேண்டுவதில்லை; ஊறவைத்தால் போதும். தொலி உளுந்தை ஊறவைத்துக் களையும் நம் வீட்டு முறையை நினைவு கூர்க. உலர்ந்த உளுந்தைத் தேய்த்தால் பருப்பு நொறுங்குமேயன்றித் தொலி நீங்காது. சில நாழிகை நீரில் ஊறியபின், கையால் அலசிய அளவிலே தொலி தானே கழன்று மிதக்கும். தொலி நீரில் கரைந்துவிடவில்லை. உப்பி, நெகிழ்ந்து, பிடிவிட்டது. ஜெல் பூச்சும் அசிட்டோனில் அவ்வாறே ஊறி உப்புகின்றது. வலையின் கண்களினூடே அசிட்டோன் புகுந்து, பூச்சுக்கும் நகத்துக்கும் இடையேயுள்ள பிடியைத் தளர்த்துகின்றது. தளர்ந்தது சுருங்கிச் செதிளாக எழும்பும். உளுந்துக்கு வேண்டுவது எதுவோ அதுவே இதற்கும் வேண்டும்: காலம்.

அசிட்டோன் என்பது நிறமற்ற, கடுநெடியுடைய, விரைவில் ஆவியாகும் திரவம். முதல் உலகப் போரின்போது வெடிமருந்து ஆக்குதற்கு அது பெரிதும் வேண்டப்பட்டமையால், மாச்சத்தைப் புளிக்கவைத்து அதனை எடுக்கும் வழியை வைஸ்மன் எனும் வேதியியலறிஞர் கண்டார். அவரே பிற்காலத்தில் இஸ்ரேல் நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் ஆனவர். நம் உடலும் பட்டினி காலத்தில் சிறிது அசிட்டோனை உண்டாக்குகின்றது. நீரிழிவு முற்றியோர் மூச்சில் எழும் பழநாற்றம் அதனுடையதே. ஆதலின் சிறிதளவு தோலில் படுதலால் உடனே நஞ்சாவதில்லை. ஆயின் அது தோலினின்றும் நகத்தினின்றும் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி வறளச் செய்யும். அதனினும் பெரிய இடர் நெருப்பு. சுழியத்துக்கும் கீழ் ஏறத்தாழ 20 பாகை செண்டிகிரேடு வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பற்ற வல்லது. அவ்வாவி காற்றினும் கனமுடையது. தரையோடு தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள சுடரையும் எட்டும்.

கடைகளில் நகப்பூச்சு நீக்கி எனும் பெயரால் விற்பனவற்றுள் சில அசிட்டோன் அற்றவை. அவை சாதாரணப் பூச்சுக்குப் போதுமானவை; ஜெல் பூச்சுக்குப் போதா. புட்டியின்மேல் எழுதியிருப்பதைப் படித்து, தூய அசிட்டோன் என்பதை உறுதிசெய்துகொண்டே வாங்குக.

களையும் முறை

முதற்கண் பூச்சு எவ்வகையது என அறிதல் வேண்டும். பூசியவரை வினவுதலே நேரிய வழி. அஃதியலாதாயின், அசிட்டோன் நனைத்த பஞ்சினால் ஒரு நகத்தை மெல்லத் தேய்த்துப் பார்க்க. நிறம் பஞ்சில் ஏறினால் அது சாதாரணப் பூச்சு. அத்தோடு வேலை முடிந்தது. நிறம் ஏறாவிடில் ஜெல் எனக் கொள்க. ஒரு விரலை மட்டும் கால்மணி நேரம் ஊறவைத்துப் பார்க்குங்கால், பூச்சு சிறிதும் நெகிழாது முன்போலவே இருப்பின், அது கட்டி ஜெல் ஆகும். அதனை வீட்டில் களைய முயலற்க. தேர்ந்தவர் கையால் தேய்த்துக் குறைத்தலும், நகம் வளர வளர வெட்டி வருதலும் அதற்கு வழிகள்.

வேண்டும் பொருள்கள் இவை: தூய அசிட்டோன், பஞ்சு, சமையற்கட்டில் உணவு பொதியும் அலுமினியத் தாள், நகம் தேய்க்கும் மெல்லிய அரம், வாசலைன், முனை மழுங்கிய மரக்குச்சி, தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய், ஒரு பீங்கான் கிண்ணம். பிளாஸ்டிக்குக் கிண்ணம் ஆகாது. பலவகைப் பிளாஸ்டிக்கை அசிட்டோன் இளக்கிவிடும். மெருகிட்ட மேசையின்மேல் பழந்துணியை விரிக்க. முத்து மோதிரமும் பிளாஸ்டிக்கு வளையலும் அணிந்திருப்பின் கழற்றி வைக்க.

இடத்தைத் தேர்தல் அடுத்தது. சாளரம் திறந்த, காற்றோட்டமுள்ள அறையோ, தாழ்வாரமோ ஏற்றது. சமையலறை ஆகாது. குத்துவிளக்கு, சாம்பிராணி, கொசுவர்த்தி, சுருட்டு இவற்றுள் ஒன்றும் அருகில் இருத்தல் கூடாது. சிறு குழந்தைகளும் உடனிருத்தல் நன்றன்று.

இனி, முறையாவது:

முதலாவது, பூச்சின் மேற்புறத்து மினுக்கம் மங்கும் அளவிற்கு அரத்தால் மெல்லத் தேய்க்க. மேற்படலமே அசிட்டோனை உட்புகவொட்டாது தடுப்பது. அதனைக் கீறிவிட்டால் ஊறுதல் விரைவாகும். நிறம் தெரியுமளவே தேய்த்தல் வேண்டும். நகம் தெரியுமளவு தேய்த்தல் ஆகாது. ஒரே பக்கமாக, அவசரமின்றித் தேய்க்க.

இரண்டாவது, நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் விரல்நுனியிலும் வாசலைன் தடவுக. நகத்தின்மேல் படாது காக்க. வாசலைன் அசிட்டோனைத் தோலுக்கு எட்டாது தடுக்கும் வேலி.

மூன்றாவது, நகத்தின் அளவுக்கே கிள்ளிய பஞ்சினை அசிட்டோனில் நனைத்து நகத்தின்மேல் வைக்க. அதன்மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, நுனியை மடித்து இறுக்குக. தாள் ஆவியைப் போகவொட்டாது காக்கும். உடற்சூடு உள்ளே தங்கி ஊறுதலை விரைவுபடுத்தும். விரல்களைக் கிண்ணத்து அசிட்டோனில் முழுதும் அமிழ்த்துவாரும் உளர். அதனால் தோல் முழுதும் வறள்வதும், அறையெங்கும் ஆவி பரவுவதும் மிகும். ஆதலின் சுற்றும் முறையே சிறந்தது. ஒரு கையை முடித்தபின் மறுகையைத் தொடங்குக. இருகையும் ஒருங்கே கட்டுண்டால் ஆபத்துக்கு உதவக் கையிராது.

நான்காவது, 10 முதல் 15 நிமிடம் பொறுத்திருக்க. இடையே அவிழ்த்துப் பார்த்தல், குழிதோண்டி விதை முளைத்ததா என்று பார்ப்பதை ஒக்கும். குளிர்காலமாயின், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் தாளின்மேல் போர்த்தலாம். அசிட்டோனை அடுப்பிலோ மின்னடுப்பிலோ சூடாக்குதல் ஒருபோதும் கூடாது.

ஐந்தாவது, ஒரு விரலை மட்டும் அவிழ்த்து நோக்குக. பூச்சு சுருங்கி, உதிரும் செதிள்போல் எழும்பியிருப்பின், மரக்குச்சியால் அடியினின்றும் நுனி நோக்கி மெல்லத் தள்ளுக. தானே வழுக்கி வரவேண்டும். தடை தோன்றினால் உடனே நிறுத்தி, புதுப் பஞ்சு வைத்து மேலும் 5 நிமிடம் ஊறவிடுக. வலிந்து தள்ளுதலினும் இரண்டு முறையோ மூன்று முறையோ ஊறவைத்தல் மேல். ஈர்க்கு, ஊக்கு, பேனாக்கத்தி இவற்றை நகக்கண்ணில் செலுத்துதல் நகச்சுத்திக்கு விருந்தழைத்தல் ஆகும்.

ஆறாவது, முற்றும் நீங்கியபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நகத்திலும் சுற்றுத் தோலிலும் எண்ணெய் தடவுக. முதல் ஒரு வாரம் நாள்தோறும் இரவில் இங்ஙனம் செய்து வருதல் நன்று. பாத்திரம் துலக்குங்காலும் துணி வெளுக்குங்காலும் கையுறை அணிக. நகத்தைக் குட்டையாக வெட்டிவிடுக. நீண்ட மெலிந்த நகம் எளிதில் பிளவுபடும். மீண்டும் பூச விரும்புவார், நகத்தின் நிலையைப் பார்த்துச் சில வாரமேனும் ஓய்வு தருவாராக.

ஏழாவது, பயன்படுத்திய பஞ்சையும் தாளையும் குப்பைக் கூடையில் உடனே இடாது, வெளியே காற்றில் உலரவிட்டு அகற்றுக. புட்டியை இறுக மூடிப் பூட்டிய அலமாரியில் வைக்க.

தவிர்க்க வேண்டுவன

பூச்சின் ஓரம் எழும்பியவுடன் அதனைப் பற்றி உரித்தல் பலர்க்கும் உள்ள ஆசை. நகத்தின் அடுக்குகளுள் மேலுள்ளவற்றோடு ஜெல் பிணைந்திருத்தலின், அதனை உரிப்பவர் நகத்தையும் உடன் உரிக்கின்றனர். பின்னர்த் தோன்றும் வெண்புள்ளிகளும் சொரசொரப்பும் அதன் தழும்புகளே. நகத்திற்கு மூச்சு வேண்டும், பூச்சினால் அது மூச்சடைத்து மெலிந்தது என்பார் கூற்று பொருந்தாது. உயிரற்ற தகடு மூச்சு விடுவதில்லை, அதன் வேர் குருதியினின்றே ஊட்டம் பெறுகின்றது. மெலிவு பெரும்பாலும் களையும் முறையின் குற்றம். பூச்சின் குற்றம் அன்று.

மின்னரம் கொண்டு வீட்டில் தேய்த்தலும் தகாது. அரை மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டைச் சுழலும் அரம் ஊடுருவ ஒரு நொடி போதும். தேய்த்த பொடியை மூச்சில் இழுத்தலும் தீது.

அறியாப் பெயருடைய நீக்கிகளை வாங்கற்க. முன்னாளில் செயற்கை நகம் களையும் திரவங்கள் சிலவற்றில் அசிட்டோநைட்ரைல் எனும் பொருள் இருந்தது. பெயரில் அசிட்டோனை ஒத்திருப்பினும், உடலுட் சென்றபின் அது சயனைடாக மாறும் கொடிய நஞ்சு. அதனைக் குடித்த குழந்தை ஒன்று இறந்த செய்தியை அமெரிக்க மருத்துவர் 1988-ல் வெளியிட்டனர். அத்தகைய நஞ்சின் தீமை உடனே தோன்றாது, சில மணி நேரம் கழித்தே வெளிப்படும். ஆதலின் எவ்வகை நீக்கியாயினும் குழந்தை குடித்துவிட்டதெனின், நலமாயிருக்கிறதே என்று வாளாவிராது, புட்டியையும் உடன்கொண்டு மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

ஒவ்வாமை என்னும் பெருங்கேடு

இதுவரை கூறியவை நகத்தளவில் நிற்பன. இனிக் கூறுவது வாழ்நாள் முழுதும் தொடர்வது. இறுகாத ஜெல் தோலில் படுமாயின், அதிலுள்ள மெத்தாக்ரிலேட்டுகளுக்கு உடல் பகைகொள்ளத் தொடங்கும். அப்பகை ஒருமுறை தோன்றினால் பின்னர் நீங்குவதரிது. விரல்நுனியில் அரிப்பு, கொப்புளம், தோல் வெடிப்பு. நகம் சதையினின்றும் விலகுதல். கை பட்ட இடமாகிய இமையிலும் கழுத்திலும் தடிப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். பிரிட்டிஷ் தோல் மருத்துவர் கழகத்தார் இதுபற்றி 2018-ல் பொதுமக்களை எச்சரித்தனர். சோதிக்கப்பெற்றோருள் நூற்றுக்கு 2.4 பேர்க்கு இவ்வொவ்வாமை காணப்பட்டது.

இதன் விளைவு அழகைக் கடந்தது. பல் அடைப்புக்கும், எலும்பு அறுவையில் மூட்டினைப் பொருத்தும் சிமெண்டுக்கும் பயன்படுவன இவ்வினப் பொருள்களே. இருபதாம் வயதில் நகத்திற்காகத் தேடிக்கொண்ட பகை, அறுபதாம் வயதில் மூட்டு மாற்றும் மருத்துவர்க்கு முட்டுக்கட்டை ஆதல் கூடும். பல் மருத்துவமோ செவிலியர் கல்வியோ பயில விரும்பும் மாணவியர் இதனைச் சிறப்பாகக் கருதுவாராக. நாள்தோறும் இப்பொருள்களைக் கையாளும் தொழில்கள் அவை. ஐரோப்பிய ஒன்றியம் ஹெமா எனும் மெத்தாக்ரிலேட்டைத் தொழில்முறையாளர் மட்டுமே கையாளுமாறு வரையறுத்துள்ளது; டி. பி. ஓ. எனும் தூண்டுபொருளை நகப்பூச்சில் சேர்த்தலை 2025 செப்டம்பர் 1 முதல் அறவே தடுத்துவிட்டது. ஆகவே, பெயரும் சேர்மானமும் குறிக்கப்படாத மலிவான ஜெல்லையும் விளக்கையும் தருவித்து வீட்டிலேயே பூசிக்கொள்ளுதல் களைவதினும் இடர் மிகுந்தது என அறிக.

களைந்தபின் நகம் பசுமை நிறம் கொள்ளுதல், சீழ் வடிதல், வீங்கி விண்ணென்று தெறித்தல், சதையினின்றும் விலகுதல் இவற்றுள் ஒன்று காணினும் மேலே பூச்சிட்டு மறையாது தோல் மருத்துவரை அடைக. நீரிழிவுடையார் சிறு கீறலையும் சிறிதென எண்ணற்க. ஆஸ்துமா உடையார் அசிட்டோன் நெடியை அஞ்சுக. அறுவை மருத்துவத்திற்குச் செல்வோர் முன்னதாகவே பூச்சினைக் களைந்து செல்லுதல் நன்று. விரல்நுனியில் ஒளியைச் செலுத்திக் குருதியின் உயிர்வளியை அளக்கும் கருவிக்கு அழுத்தமான நிறம் இடையூறு செய்தல் உண்டு. நகத்தின் நீலமும் வெளிறலும் மருத்துவர்க்கு நோயின் செய்தி கூறும் தூதர்கள் அல்லவா? தூதரின் வாயை வண்ணத்தால் அடைத்தல் தகுமோ?

முடிவுரை

அழகுபடுத்திக்கொள்ளுதல் குற்றமென்று யாம் கூறவில்லை. மருதோன்றி இட்ட பாட்டியும், செம்பஞ்சுக் குழம்பு தீட்டிய முன்னையோரும் அழகை விரும்பியவரே. பூசுவதைக் கற்பார் களைவதையும் கற்றல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். சாகுபுரத்து உப்பளங்களில் வெயிலில் நின்று உப்பு வாரும் மகளிரின் நகங்கள் உப்பினால் அரிக்கப்பட்டு வெடித்திருத்தலை நாம் காண்கிறோம். அவர்க்கு அது தொழில் தரும் துன்பம், விலக்க இயலாதது. கற்றார் தம் நகத்தைத் தாமே பெயர்த்துக் கொள்ளுதலோ எளிதில் விலக்கத்தக்கது. அதற்கு வேண்டுவன சிறிதளவு அசிட்டோனும், சிறிதளவு பஞ்சும், நெருப்பினின்றும் விலகிய ஓரிடமும், அரைமணி நேரப் பொறுமையுமே. அவற்றுள் கடையில் கிடையாதது பொறுமை ஒன்றே. அதனை நம் மாணவ மாணவியர் தம்மிடத்தே தேடிக்கொள்வாராக.